ரிங் போகுது... ஆனா மணி அடிக்கலை! ரவுட்டரில் மாட்டிய லேண்ட்லைனை வழிக்குக் கொண்டுவருவது எப்படி?

சிங்கப்பூரிலிருந்து மகள் கூப்பிடுகிறாள். அவள் காதில் ரிங் போகிறது. ஒன்று, இரண்டு, மூன்று... யாரும் எடுக்கவில்லை. பதறிப்போய் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு ஆள் அனுப்பினால், மதுரை எஸ்.எஸ்.காலனி வீட்டில் அம்மா அந்த லேண்ட்லைனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். "அடிக்கவே இல்லையே தாயி... நான் இங்கனதான இருந்தேன்!"

ஃபைபர் இணைப்புக்கு மாறிய பல வீடுகளில் கேட்கிற புலம்பல் இது. தெருவில் வந்த செம்புக் கம்பி போய், முடியைவிடச் சற்றே தடித்த கண்ணாடி இழை வந்துவிட்டது. ஆனால் போன் மட்டும் அதே பழைய போன். முன்பு சுவரில் இருந்த ரோசெட் பெட்டியில் செருகியிருந்த வயர், இப்போது வைஃபை ரவுட்டரின் முதுகில் செருகியிருக்கிறது. பார்வைக்கு ஒன்றும் மாறவில்லை. உள்ளே எல்லாமே மாறிவிட்டது.

லேண்ட்லைன் என்றாலே பி.எஸ்.என்.எல். என்று சொன்ன காலமும் மலையேறிவிட்டது. 2022 ஆகஸ்ட் மாத டிராய் கணக்கில், நாட்டின் மிகப்பெரிய லேண்ட்லைன் நிறுவனம் என்ற இடத்தை சுமார் 73.5 லட்சம் இணைப்புகளோடு ஜியோ பிடித்தது. பி.எஸ்.என்.எல். சுமார் 71.3 லட்சத்தோடு இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. ஜியோ கொடுப்பது முழுக்க ரவுட்டர் வழி போன்தான். ஏர்டெல் ஃபைபரும் அப்படியே. பி.எஸ்.என்.எல்.லும் தன் பழைய வாடிக்கையாளர்களைக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. ஆக, "நம்ம வீட்டுல பழைய போன்தான்" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களில் பலர் உண்மையில் இணையம் வழியாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குள் வந்த எக்ஸ்சேஞ்ச்

அந்தக் காலத்தில் போன் ஒரு வெறும் கருவி. மூளை எல்லாம் தெருமுனை எக்ஸ்சேஞ்சில் இருந்தது. டயல் டோன் கொடுப்பது, மணி அடிப்பது, எஸ்.டி.டி.யைப் பூட்டுவது எல்லாமே அங்கேதான் நடந்தன. போனுக்குத் தேவையான மின்சாரமும் அங்கிருந்துதான் வந்தது. 1984-ல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் கிராமங்களுக்காக உருவாக்கிய 128 இணைப்பு எக்ஸ்சேஞ்ச், 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் முதன்முதலாக நிறுவப்பட்டது. அதன் வாரிசுகள்தான் பின்னர் நாடெங்கும் கிராமங்களுக்கு போனைக் கொண்டுசேர்த்தன.

இப்போது அந்த எக்ஸ்சேஞ்சின் ஒரு துண்டு உங்கள் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. ரவுட்டர் பெட்டி உங்கள் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, எண்களாக மாற்றி, நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. போனுக்கு டயல் டோன் தருவதும் மணி அடிக்க வைப்பதும் இந்தப் பெட்டிதான். ஆனால் உங்கள் நம்பர், கால் ஃபார்வேர்டு, ஐ.எஸ்.டி. அனுமதி எல்லாம் பெரும்பாலும் சர்வரில் இருக்கின்றன. ஃபிளாஷ் பட்டன், ஒலி அளவு, நம்பரைக் காட்டும் சின்னத் திரை ஆகியவை மட்டும் போனில் மிஞ்சியிருக்கின்றன.

போன், பெட்டி, சர்வர் என்று மூன்று இடம். எந்தக் கோளாறு எந்த இடத்தில் என்று தெரியாமல் போவதுதான் இன்றைய லேண்ட்லைன் தலைவலிகளில் பாதி. போனில் ஒரு சுவிட்சைத் தள்ளினால் சரியாகிவிடும் விஷயத்துக்கு கஸ்டமர் கேரில் அரைமணி நேரம் பாட்டுக் கேட்பவர்கள் உண்டு. சர்வரில் இருக்கும் சிக்கலுக்கு டவுன் ஹால் ரோட்டுக்குப் போய்ப் புதுப் போன் வாங்கி வருபவர்களும் உண்டு.

ஒரு விஷயத்தில் நிம்மதியாக இருக்கலாம். ஒரு போன் பேச்சுக்கு விநாடிக்கு 64 கிலோபிட். மேலே சுற்றுகிற உறைகளையும் சேர்த்தால் சுமார் 90 கிலோபிட். ஒரு எம்.பி.பி.எஸ். வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. "குரல் விட்டு விட்டு வருதா? பெரிய பிளானுக்கு மாறுங்க" என்று யாராவது சொன்னால், தலையாட்டிவிட்டு அமைதியாக இருந்துவிடுங்கள்.

செருகும் இடத்தில் மூன்று பொறிகள்

ரவுட்டரின் பின்பக்கம் பல ஓட்டைகள். பெரியவை லேன் கேபிளுக்கு. சற்றே சிறியதாக, 'போன்', 'டெல்' அல்லது 'பாட்ஸ்' என்று எழுதியிருப்பதுதான் போனுக்கானது. போன் வயரின் முனை சிறியது என்பதால் லேன் ஓட்டைக்குள்ளும் அழகாகப் போய் உட்கார்ந்துவிடும். போன் மட்டும் வேலை செய்யாது. வீடு துடைக்கும்போது வயரைக் கழற்றி மாட்டியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது பொறி, வீட்டுச் சுவருக்குள் ஓடும் பழைய வயரிங். மாடிக்கும் பூஜை அறைக்கும் போகிற அந்த வயர்களை ரவுட்டரோடு இணைத்துப் பயன்படுத்த முடியும். ஆனால் தெருவிலிருந்து வரும் பழைய செம்புக் கம்பியை ரோசெட் பெட்டியில் முதலில் கழற்றிவிட வேண்டும். அந்தக் கம்பியில் இன்னும் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் உயிரோடு இருந்தால், ரவுட்டரின் போன் பகுதியே கருகிப்போகலாம்.

மூன்றாவதுதான் மோசமானது. ரவுட்டரில் குண்டூசியால் குத்துகிற மாதிரி 'ரீசெட்' என்று ஒரு சின்னத் துளை இருக்கும். நெட் மெதுவாக இருக்கிறதே என்று பேரன் அதில் குத்திவிடுவான். ரவுட்டரை அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் செய்வது வேறு. சில பெட்டிகளில் ரீசெட் செய்தால் உங்கள் போன் நம்பருக்கான பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்துவிடும். வைஃபையைத் தட்டுத்தடுமாறி சரிசெய்துவிடலாம். போனை, இணைப்பு கொடுத்தவர் வந்து மீண்டும் பதிந்தால்தான் உண்டு. சொந்தமாக நல்ல ரவுட்டர் வாங்கி, நிறுவனத்தின் பெட்டியைத் தூக்கிப் போடுகிறவர்களுக்கும் இதே கதிதான். புதுப் பெட்டிக்கு உங்கள் போன் நம்பர் தெரியாது.

மணி ஏன் அடிக்கவில்லை?

எஸ்.எஸ்.காலனி அம்மா விஷயத்துக்கு வருவோம். அவர் போன் அடிக்காதபோது மகளுக்கு மட்டும் எப்படி ரிங் கேட்டது?

கூப்பிடுகிறவருக்குக் கேட்கும் 'ட்ரிங் ட்ரிங்' உங்கள் வீட்டு மணியின் சத்தம் அல்ல. "நான் மணிக்கு மின்சாரம் அனுப்பிவிட்டேன்" என்று ரவுட்டர் பெட்டி சர்வருக்குச் சொன்னதும், சர்வர் அந்தச் சத்தத்தை அவர் காதில் போடுகிறது. போன் உண்மையில் அடித்ததா என்று பெட்டி பார்ப்பதில்லை. போனை மொத்தமாகக் கழற்றி வைத்தாலும் பல பெட்டிகள் 'அடிக்கிறது' என்றே சொல்லும். ஆகவே 'ரிங் போகுது, எடுக்கலை' என்பதை வைத்து மட்டும் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

காரணம் பெரும்பாலும் எளிமையானது. போனின் அடியிலோ பக்கவாட்டிலோ இருக்கும் ரிங்கர் சுவிட்ச் 'ஆஃப்' பக்கம் தள்ளப்பட்டிருக்கும். அது சரியாக இருந்தால், வீட்டில் எத்தனை போன் மாட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். எக்ஸ்சேஞ்ச் காலத்தில் ஒரே லைனில் நாலு போன் மாட்டினாலும் நாலும் அடித்தன. ரவுட்டர் பெட்டிக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. மணி அடிக்க அது தரும் மின்சாரம் குறைவு. அதிலும் உள்ளே உலோக மணி வைத்த பழைய போன் ஒன்று இருந்தால், அதுவே பெரும்பகுதியைக் குடித்துவிடும். ஒவ்வொரு போனாகக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். எது திருடன் என்று தெரிந்துவிடும். மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி போன் வேண்டுமென்றால், ஒரு தளத்தோடு இரண்டு மூன்று கைபேசி வரும் கார்ட்லெஸ் செட் நல்லது. ரவுட்டருக்கு அது ஒரே போன்தான்.

இன்னொரு வாய்ப்பு, ஆப். ஜியோ ஃபைபர் லேண்ட்லைன் நம்பரை 'ஜியோஜாயின்' ஆப் மூலம் மொபைலிலும் பேசலாம். வீட்டு நம்பர் யார் யார் மொபைலில் பதிவாகியிருக்கிறது என்று அவ்வப்போது பார்ப்பது நல்லது. இவை எதுவும் இல்லையென்றால் ஃபார்வேர்டைச் சந்தேகிக்க வேண்டும். அது தனிக் கதை, கொஞ்சம் பொறுங்கள்.

கொக்கியைத் தட்டிய கலை

வட்ட டயல் போனுக்குச் சின்னப் பூட்டுப் போட்டுவைத்த வீடுகள் ஞாபகம் இருக்கிறதா? எண் சக்கரம் சுழலாதபடி ஒரு ஓட்டையில் பூட்டு தொங்கும். சாவி அப்பாவிடம் இருக்கும். ஆனால் விவரமான பிள்ளைகள் ரிசீவரை வைக்கும் கொக்கியை டக் டக்கென்று தட்டியே நம்பரைப் போட்டுவிடுவார்கள். ஐந்துக்கு ஐந்து தட்டு, பூஜ்யத்துக்குப் பத்து தட்டு. டயல் சுழலும்போது செய்வதும் அதேதான், லைனைக் கணக்காகத் துண்டித்துத் துண்டித்துச் சேர்ப்பது. இதற்குப் பெயர் பல்ஸ் முறை.

பின்னால் பட்டன் போன் வந்தது, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு இசை வந்தது. அது டோன் முறை. பல ரவுட்டர் பெட்டிகளுக்கு டோன் மட்டும்தான் புரியும். தாத்தா காலத்து வட்ட டயல் போனை ஆசையாக மாட்டினால், வரும் அழைப்பைப் பேசலாம். நம்பர் போட முடியாமல் போகலாம். பட்டன் போனாக இருந்தும் நம்பர் போகவில்லையா? போனின் அடியில் 'பி', 'டி' என்று சின்ன சுவிட்ச் இருக்கும். அதை 'டி' பக்கம் தள்ளுங்கள்.

அந்தக் கொக்கித் தட்டலின் வாரிசுதான் இன்றைய போன்களில் இருக்கும் 'ஃபிளாஷ்' அல்லது 'ஆர்' பட்டன். லைனை ஒரு கணம் துண்டித்து, உடனே சேர்க்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போது காதில் 'பீப்' சத்தம் கேட்டால் இரண்டாவது ஆள் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். ஃபிளாஷ் அடித்தால் முதல் ஆள் காத்திருக்க, இரண்டாவது ஆளோடு பேசலாம். பல நிறுவனங்களில் ஃபிளாஷோடு 2 அழுத்தினால் ஆள் மாறும், 3 அழுத்தினால் மூவரும் சேர்ந்து பேசலாம். சீர்வரிசை பேச்சுவார்த்தையை மூன்று ஊரிலிருந்து ஒரே லைனில் முடிக்க இது போதும்.

சிக்கல், அந்த 'ஒரு கணம்' எவ்வளவு என்பதில். சில போன்கள் 100 மில்லி விநாடி துண்டிக்கும், சில 300, சில 600. பெட்டி எதிர்பார்க்கும் நேரத்தைவிடக் குறைவாக இருந்தால் ஒன்றும் நடக்காது. கூடினால் போனை வைத்துவிட்டீர்கள் என்று நினைத்து லைனையே வெட்டிவிடும். "கால் வெயிட்டிங்ல எடுத்தா கட் ஆகுது" என்ற புகாரின் வேர் பல நேரம் இதுதான். போனின் மெனுவில் ஃபிளாஷ் நேரத்தை மாற்றும் வசதி இருந்தால், மாற்றி மாற்றிப் பாருங்கள்.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் கால் வெயிட்டிங் தேவையா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். பீப் சத்தத்தில் குழம்பி ரிசீவரை வைத்துவிடுகிறார்கள் என்றால், அதை நிறுத்திவிடுவதே மேல். இரண்டாவதாகக் கூப்பிடுகிறவருக்கு 'எங்கேஜ்டு' கேட்கும். ஆள் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

ஸ்டார் 21-ம் ஒரு பெரிய வலையும்

இனி ஃபார்வேர்டு. மூன்று வகை முக்கியம்: எல்லா அழைப்பும் வேறு நம்பருக்குப் போவது, பேசிக்கொண்டிருந்தால் மட்டும் போவது, எடுக்காவிட்டால் மட்டும் போவது. மொபைல் உலகில் இவற்றுக்கு முறையே *21*, *67*, *61* என்று தொடங்கும் கோடுகள். யூடியூபைத் திறந்தால் இவற்றை வரிசையாக ஒப்பிக்கும் வீடியோக்கள் கொட்டிக்கிடக்கின்றன.

அவற்றைப் பார்த்து உங்கள் லேண்ட்லைனில் போட்டுப் பார்க்காதீர்கள். இந்தக் கோடுகள் ஊருக்கு ஊர், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அமெரிக்க லேண்ட்லைனில் *67 போட்டால் உங்கள் நம்பர் எதிராளிக்குத் தெரியாமல் மறையும். அதே *67-ஐ மொபைலில் நம்பரோடு சேர்த்துப் போட்டால் ஃபார்வேர்டு ஆகிவிடும். அமெரிக்காவில் ஃபார்வேர்டுக்கு *72, நிறுத்த *73. பழைய பி.எஸ்.என்.எல். எக்ஸ்சேஞ்சுகளில் 124 என்று தொடங்கி ரகசிய எண் போட்டு எஸ்.டி.டி.யைப் பூட்டிய பழக்கத்தில், இன்றும் அதையே ஃபைபர் போனில் அழுத்திப் பார்ப்பவர்கள் உண்டு. பழைய பூட்டுக்குப் புதுக் கதவு திறக்காது.

இன்னொரு குழப்பம், ஹாஷ் பட்டன். பல ரவுட்டர் பெட்டிகளில் ஹாஷ் என்றால் 'நம்பர் முடிந்தது, உடனே அனுப்பு' என்று பொருள். நம்பர் போட்டபின் நாலைந்து விநாடி மௌனமாக இருக்கிறதே, அது நீங்கள் இன்னும் எண் போடுவீர்களோ என்று பெட்டி காத்திருக்கும் நேரம். கடைசியில் ஹாஷ் அழுத்தினால் பல பெட்டிகளில் அந்தக் காத்திருப்பு இருக்காது. ஆனால் இதே காரணத்தால், ஹாஷில் முடியும் கோடுகளைப் பெட்டி அரைகுறையாக அனுப்பிவிடுவதும் நடக்கும். உங்கள் நிறுவனத்தின் ஆப் அல்லது கஸ்டமர் கேர் சொல்லும் கோடை மட்டும் போடுங்கள். நிறுத்தும் கோடையும் அப்போதே கேட்டு, போன் பக்கத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

ஏன் இவ்வளவு பயமுறுத்தல்? ஃபார்வேர்டு இன்று மோசடிக்காரர்களின் கருவி. "கூரியர்ல இருந்து பேசறோம்", "உங்க நம்பரைத் துண்டிக்கப்போறோம், தொடரணும்னா நான் சொல்ற பட்டனை அழுத்துங்க" என்று ஆரம்பித்து, ஒரு கோடையும் ஒரு நம்பரையும் போடச் சொல்வார்கள். போட்டால், அதன்பின் உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவர்களுக்குப் போகும். இந்தத் தொல்லையால்தான் மொபைலில் *401# வகை ஃபார்வேர்டு வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

லேண்ட்லைனில் என்ன இருக்கிறது திருட, என்று நினைக்கலாம். வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கை லேண்ட்லைன் நம்பரிலேயே தொடங்க முடியும். குறுஞ்செய்திக்குப் பதிலாக போனில் கூப்பிட்டு ஆறு இலக்க எண்ணை வாசிக்கும். உங்கள் வீட்டு அழைப்புகள் வேறொருவருக்குப் போய்க்கொண்டிருந்தால், உங்கள் நம்பரில், உங்கள் கடைப் பெயரில், அவர் கணக்குத் தொடங்கிவிடலாம். 0452 என்று தொடங்கும் நம்பரைப் பார்த்தால் மதுரைக்காரர்களுக்குத் தனி நம்பிக்கை உண்டல்லவா? ஃபார்வேர்டான அழைப்புக்குக் கட்டணம் வந்தாலும் அது உங்கள் கணக்கில்தான் சேரும்.

சோதிப்பது எளிது. மொபைலிலிருந்து வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். போன் அடிக்காமல் வேறு யாரோ எடுத்தால் சந்தேகமே இல்லை. சில நிறுவனங்களில் ஃபார்வேர்டு இயங்கும்போது டயல் டோன் விட்டு விட்டுக் கேட்கும். ஃபார்வேர்டு பெரும்பாலும் சர்வரில் இருப்பதால் ரவுட்டரை அணைத்துப் போட்டாலோ, பெட்டியையே மாற்றினாலோ அது போகாது. நிறுவனத்தில் சொல்லித்தான் நீக்க வேண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930. சந்தேக அழைப்புகளைச் 'சஞ்சார் சாத்தி' தளத்தின் 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். விளம்பரத் தொல்லைக்கு, லேண்ட்லைனிலிருந்தே 1909-க்குக் கூப்பிட்டுப் பதிவு செய்யலாம்.

அதே சர்வர் குணம் நமக்கு நல்லதும் செய்யும். 'தொடர்பு கிடைக்காவிட்டால் ஃபார்வேர்டு' என்ற வகை உங்கள் நிறுவனத்தில் இருந்தால், அதை மகன் அல்லது மருமகளின் மொபைலுக்குப் போட்டுவையுங்கள். கரண்ட் போய் ரவுட்டர் செத்துக் கிடந்தாலும், சர்வர் அதைக் கவனித்து அழைப்பை மொபைலுக்கு அனுப்பிவிடும்.

நம்பரும் அந்தப் பூஜ்யமும்

திரை வைத்த போனில் கூப்பிடுகிறவர் நம்பர் தெரியவில்லையா, அல்லது முதல் எண் விழுங்கப்பட்டு வருகிறதா? நம்பரை அனுப்ப இரண்டு முறை இருக்கின்றன. ஒன்றில் பட்டன் சத்தம் போன்ற டோன்களாக வரும். மற்றதில் பழைய மோடம் மாதிரி ஒரு கீச்சொலியாக, பெரும்பாலும் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே வரும். எனவே முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்தால் நம்பர் தெரியாது. இரண்டாவது முறையில் தேதியும் நேரமும்கூட சேர்ந்து வரும். யாராவது கூப்பிட்டதும் போன் கடிகாரம் தானாக இரண்டரை மணி நேரம் முன்னே ஓடினால், பெட்டி சீன நேரத்தில் இருக்கிறது என்று யூகிக்கலாம். போன் ஒன்றும் பிசாசு பிடித்து ஆடவில்லை. இணைப்பு கொடுத்தவரிடம் நேர மண்டலத்தை மாற்றச் சொன்னால் போதும்.

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் போனின் 'எம்1', 'எம்2' மெமரி பட்டன்களில் பதிந்த நம்பர்களுக்குத் தெரியாது. அப்பத்தாவுக்காக எப்போதோ பதிந்துவைத்த பேரனின் நம்பரில் பூஜ்யம் இருக்கிறதா என்று ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அவசரத்தில் அவர் நம்பியிருப்பது அந்த ஒரு பட்டனைத்தான். பல போன்களில் வந்த அழைப்புப் பட்டியலிலிருந்து திருப்பிக் கூப்பிட்டாலும் இதே தகராறு வரும்.

கரண்ட் போனால்?

பழைய போன் கரண்ட் போனாலும் பேசியது. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக அடுக்கிய பேட்டரிகளும், அதற்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டரும் இருந்தன. ரவுட்டர் போனுக்கு உங்கள் வீட்டு பிளக் பாயின்ட்தான் எக்ஸ்சேஞ்ச்.

பிரிட்டன் இதைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது. அங்கே செம்புக் கம்பி போன்களை 2025 இறுதிக்குள் நிறுத்துவது என்று திட்டமிட்டிருந்தார்கள். அவசர உதவிக்காக முதியவர்கள் கழுத்திலும் மணிக்கட்டிலும் அணியும் பட்டன்கள் லேண்ட்லைன் வழியாகத்தான் ஆள் கூப்பிடும். அப்படிப் பட்டன் வைத்திருப்பவர்கள் மட்டும் சுமார் 18 லட்சம் பேர். இணைப்பு மாறியபின் சிலருக்கு அந்தப் பட்டன் வேலை செய்யாமல் போனது. 2023 டிசம்பரில் கட்டாய மாற்றம் நிறுத்திவைக்கப்பட்டது; கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. வீட்டு போனையே நம்பியிருப்பவர்கள் மின்தடையில் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு செய்ய வழிசெய்ய வேண்டும் என்பது அங்கே நிறுவனங்களுக்கு விதி.

இங்கே அந்த ஏற்பாட்டை வீட்டார்தான் செய்துகொள்ள வேண்டும். நல்லவேளையாக அது பெரிய செலவில்லை. ரவுட்டரின் அடாப்டரில் 12 வோல்ட் என்றும், 1, 1.5, 2 என்று ஏதோ ஒரு ஆம்பியரும் எழுதியிருக்கும். அதற்குப் பொருந்தும் மினி யு.பி.எஸ். வாங்கி இடையில் மாட்டினால் சில மணி நேரம் ஓடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ரவுட்டரை அந்த லைனில் உள்ள பிளக்குக்கு மாற்றுங்கள். மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்த இமைப்பொழுதில் சில ரவுட்டர்கள் அணைந்து எழும்; இரண்டு மூன்று நிமிடம் போன் இருக்காது.

பலர் மறக்கும் விஷயம், கார்ட்லெஸ் போனின் தளத்துக்கும் கரண்ட் வேண்டும். ரவுட்டருக்கு யு.பி.எஸ். போட்டுவிட்டு, கார்ட்லெஸ்ஸை சாதா பிளக்கில் விட்டால் பயனில்லை. வயர் வைத்த சாதாரண போன் ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்கட்டும். அதற்குத் தேவையான சக்தியை ரவுட்டரே கொடுத்துவிடும்.

வீட்டுக்கு வெளியே நடப்பது உங்கள் கையில் இல்லை. பி.எஸ்.என்.எல். ஃபைபர் பல இடங்களில் உள்ளூர் கேபிள் டிவிக்காரர் போன்ற கூட்டாளிகள் வழியாகத்தான் வருகிறது. அவர் வைத்திருக்கும் கருவிக்கு பேட்டரி தீர்ந்தால் தெருவே மௌனம். குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டுகிறவர்களின் கடப்பாரைக்கு ஃபைபர் தெரியாது. அழகர்கோவில் பக்கத்துக் குரங்குகளுக்கும் தெரியாது. பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் இழை அறுந்திருக்கிறது. எந்தப் பட்டனை அழுத்தியும் பயனில்லை, புகார்தான் கொடுக்க வேண்டும். மற்ற விளக்கெல்லாம் சரியாக இருந்து போன் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால், நம்பர் சர்வரில் பதிவாகவில்லை. அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போட்டுப் பாருங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, மொபைல் போதாதா என்று இளசுகள் கேட்பார்கள். கெட்டிச் சுவர் வைத்த மாசி வீதி வீடுகளின் உள்ளறைகளில் சிக்னல் எப்படி இருக்கும் என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் மொபைல் படும் பாடும் தெரிந்ததே. லட்சக்கணக்கானோர் ஒரே டவர்களைப் பிடித்துத் தொங்கும்போது, வீட்டுக்கு வரும் இழைக்கு அந்த நெரிசல் கிடையாது.

மினி யு.பி.எஸ். பெட்டி மேல் போட்டிருக்கும் மணி நேரக் கணக்கை நம்ப வேண்டியதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் பகுதியில் பகல் முழுக்க மின்தடை என்று செய்தி வரும் நாளில் சோதித்துவிடலாம். கரண்ட் போன நேரத்தைக் குறித்துக்கொண்டு, அரைமணிக்கு ஒரு முறை வீட்டு நம்பருக்குக் கூப்பிடச் சொல்லுங்கள், அம்மா எடுத்து "ம், கேக்குதுப்பா" என்று சொல்லும்வரை. எத்தனை மணிக்கு அந்தப் பதில் நிற்கிறது என்பதை, ஃபார்வேர்டு நிறுத்தும் கோடுக்குக் கீழே, 108-க்கும் 112-க்கும் பக்கத்தில், அதே சுவர்த் தாளில் எழுதிவையுங்கள்.